நூற்று நாற்பத்து மூன்று ஆமீன்

நூர் நிஷாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இனாயத்துல்லா மாமா பதினெட்டு வருடமாகக் கட்டிக் காத்த லிஸ்ட்டைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அவள் கேட்டபோது, மின்விசிறிச் சத்தத்தில் அவருக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது. கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தாராவியில் தோல் வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும். நூர் நிஷாவுக்கும் தெரியும். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லிஸ்ட் என்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒரு கடிதம் அனுப்பினால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போய்ச் சேரும். அத்தனை பேரும் அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கிறோம் என்று பெயரும் ரத்தப் பிரிவும் எழுதிக் கொடுத்தவர்கள். தாராவி, செம்பூர், சான்பாடா, உல்லாஸ்நகர் என்று சிதறிக் கிடக்கும் தமிழர்கள். பாதிக்கு மேல் நெல்லைப் பக்கத்து முஸ்லிம்கள், கொஞ்சம் தூத்துக்குடிக் கிறிஸ்தவர்கள், மாட்டுங்காவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடராமன் மாதிரி சிலர். வாட்ஸ்அப் வந்ததும் அதிலும் ஒரு குழு ஆரம்பித்துப் பார்த்தார்கள். பெண்களின் நம்பர் முன்பின் தெரியாத ஆண்களுக்கெல்லாம் போகிறது என்று தகராறு கிளம்பியது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்கள் வேறு. மூன்றே மாதத்தில் குழுவைக் கலைத்துவிட்டு மறுபடியும் மின்னஞ்சலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் துஆ செய்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். மவுத்துச் செய்தி வந்தால் அதற்குரியதைச் சொல்லி, போனவருக்காக வேண்டிக்கொண்டு, ஆமீன் போட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, சொன்னது நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும். சொல்லாமல் இருந்தவனை மனசில் குறித்து வைத்துக்கொள்வார்கள். தன் மாமியார் மவுத்துக்கு லிஸ்ட்டில் ஒரு வரி எழுதாதவன் வீட்டுக் கல்யாணம் என்பதற்காக, சான்பாடா வரைக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து, பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்த மனிதர் ஒருவர் இன்னும் செம்பூரில் இருக்கிறார். அதனால் லிஸ்ட்டில் ஒரு கடிதம் வந்தால் விரல் தானாகவே 'எல்லாருக்கும் பதில்' என்ற பொத்தானைத் தேடும். முதல் ஆள் ஓர் ஆமீன் போடுவார். அந்த ஆமீனுக்கு ஓர் ஆமீன் வரும். பிறகு ஆமீன் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி என்று ஒரு கடிதம், நமக்குள் நன்றி எதற்கு என்று இன்னொரு கடிதம். எல்லாம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகும்.

நூர் நிஷாவின் மகள் பரீஹாவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே தலசீமியா. அவள் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒரு பை ஏற்றியாக வேண்டும். பிரிவோ பி நெகட்டிவ், நூறு பேரில் இரண்டு பேருக்கு இருந்தால் அதிகம். பெரும்பாலும் மாட்டுங்காவில் அவர்கள் போகிற ரத்த வங்கியிலேயே கிடைத்துவிடும். கிடைக்காத வாரங்களில் லிஸ்ட்தான் கதி.

போன ரமலானில் அப்படி ஒரு வாரம் வந்தது. நூர் நிஷா லிஸ்ட்டுக்கு எழுதினாள். பதில்கள் வந்து கொட்டின, எழுபத்து நான்கு. அவள் செம்பூரில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். காலையிலிருந்து மாலைவரை மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவளே இருபது பதிலைத் திறந்து பார்த்து, எல்லாம் துஆவாகவே இருக்க, மீதியைத் திறக்காமல் விட்டுவிட்டு ரத்த வங்கி ரத்த வங்கியாக அலைந்தாள். ஏற்ற வேண்டிய ரத்தம் ஐந்து நாள் தள்ளிப் போயிற்று. பரீஹா இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அப்போது அந்தப் பிள்ளையின் உதடு இருந்த வெளுப்பைப் பார்த்ததிலிருந்து, நூர் நிஷா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்த உதட்டைத்தான்.

பிள்ளை வீடு திரும்பியபின், நம் வழக்கப்படி நன்றி சொல்லலாமென்று எழுபத்து நான்கையும் திறந்தாள். ஐம்பத்து இரண்டாவது கடிதம் உல்லாஸ்நகரிலிருந்து வேதமுத்து என்ற ரயில்வே ஊழியர் எழுதியது. 'எனக்கு பி நெகட்டிவ். இன்று நாலு மணிவரை சயான் ஸ்டேஷனில் டியூட்டி. கூப்பிட்டால் உடனே வருகிறேன்' என்று எழுதி நம்பரும் கொடுத்திருந்தார். சயானிலிருந்து மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன். அவர் கடிதத்துக்கு மேலே ஓர் ஆமீன், கீழே ஓர் ஆமீன். அவள் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டபோது, நாலு மணிக்கு அப்புறமும் ஒரு மணி நேரம் காத்திருந்ததாகவும், வேறு ஆள் கிடைத்திருக்கும் என்று நினைத்து ரயில் ஏறிவிட்டதாகவும் அவர் சொன்னார். நூர் நிஷா ஒரு வாரம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. அந்தக் கோபம்தான் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவளை இனாயத்துல்லா மாமாவின் கடை மாடிக்கு ஏற்றிவிட்டது.

இனாயத்துல்லா கெட்ட மனிதர் இல்லை. எழுபது வயது. தம்பி விபத்தில் சிக்கியபோது ரத்தத்துக்காக பம்பாய் முழுக்க ஓடி, கடைசியில் தம்பியைப் பறிகொடுத்து, அந்த வேதனையில் லிஸ்ட்டை ஆரம்பித்தவர். தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு ஆமீனையும் ஒன்று விடாமல் வாசிப்பார். வேதமுத்துவின் கடிதத்தை அவரும் வாசித்திருந்தார். நூர் நிஷா எப்படியும் பார்த்திருப்பாள் என்று இருந்துவிட்டார். அதை அவள் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் விழுந்துபோனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரத்தம் குடுக்க ஏலாதவன் துஆவாவது குடுக்கட்டும்மா. அதையும் வேண்டாம்னு சொன்னா அவனுக்கு லிஸ்ட்ல என்ன சோலி?"

"துஆ அல்லாவுக்குப் போவட்டும் மாமா. அறுநூறு பேருக்கு எதுக்குப் போவணும்?"

அவருடைய மனைவி ஹாஜரா மாமி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தார். வாழ்நாளில் ஒரு மின்னஞ்சல் எழுதாதவர் அவர். நூர் நிஷாவை எங்கே பார்த்தாலும், பிள்ளைக்கு இந்தத் தடவை நம்பர் எவ்வளவு என்று ஹீமோகுளோபினைத்தான் முதலில் விசாரிப்பார். அன்றைக்கும் விசாரித்தார். ஏழரை என்றாள் நூர் நிஷா. மாமி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இனாயத்துல்லா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்று மாதம் நடத்திப் பார், சரிப்படவில்லை என்றால் பழையபடி ஆக்கிவிடுவேன் என்று பாஸ்வேர்டை ஒரு பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினாள். லிஸ்ட்டுக்கு வரும் எந்தக் கடிதமும் முதலில் அவளிடம் வந்து நிற்கும். அவள் விட்டால்தான் மற்றவர்களுக்குப் போகும். ரத்தம் கேட்கிறவர் தலைப்பிலேயே பிரிவு, இடம், நாள் மூன்றையும் எழுத வேண்டும். கொடுக்க வருகிறவர் கேட்டவருக்கு மட்டும் பதில் எழுத வேண்டும். ஆள் கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று ஒரே வரி எல்லாருக்கும் போகும், அத்தோடு சரி. துஆ செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு நேராக எழுதலாம், லிஸ்ட்டுக்கு எழுத வேண்டாம். இவ்வளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பணிவாக எழுதி அனுப்பினாள். அந்தக் கடிதத்துக்கே நாற்பத்தொரு ஆமீன் வந்தது. நாற்பத்தொன்றையும் நிறுத்தி வைத்தாள்.

பிறகு வசவு வந்தது. துஆவைத் தடுக்க நீ யார் என்று ஒருவர் கேட்டார். பெண்பிள்ளை கையில் நிர்வாகம் போனால் இப்படித்தான் என்று இன்னொருவர். பன்னிரண்டு பேர் விலகிப் போனார்கள். ஒரு வாரமாகக் கடிதமே வராததைப் பார்த்துவிட்டு, லிஸ்ட் மவுத்தாகிவிட்டதா என்று கேட்டு ஒருவர் லிஸ்ட்டுக்கே எழுதியிருந்தார். அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் போட்டாள். மற்றவர்களுக்கும் மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பதில் எழுதினாள். அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் கோபத்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. ஆனால் எடுத்த முடிவில் ஓர் அங்குலம் நகரவில்லை.

லிஸ்ட்டில் பி நெகட்டிவ் என்று பதிந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தாள். பதினொரு பேர் லிஸ்ட் கடிதங்களைப் பார்ப்பதையே எப்போதோ விட்டிருந்தார்கள். வருகிற கடிதமெல்லாம் தானாக ஒரு மூலைக்குப் போய் விழுகிற மாதிரி வழி செய்து வைத்திருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில் ஒருவன் ஷாகிர். இனாயத்துல்லாவின் சொந்த மகன். முப்பத்தொரு வயது, அந்தேரியில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை.

"லாத்தா, உண்மையச் சொல்லிடுறேன். அதெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போயிடும். நான் தொறக்கிறதே இல்ல. வாப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அந்த ஒரு செய்தி போதும், இனாயத்துல்லாவின் வாயை அடைத்து லிஸ்ட்டை நிரந்தரமாகத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். நூர் நிஷா சொல்லவில்லை. இனிமேல் வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தாலே அதிகம், அந்த ஃபோல்டரைத் தூக்கிவிடு தம்பி என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பார்க்கிறேன் என்று இந்தியில் சொல்லி வைத்தான். அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று மும்பையில் வாழ்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன், ஜூலை போயிற்று. இரண்டு தடவை யாரோ ரத்தம் கேட்டார்கள்; இரண்டு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் கிடைத்தது. மாமா கொடுத்த மூன்று மாதத் தவணை முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நெல்லைக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணினார். ஹாஜரா மாமி சுபுஹு தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டார், மாரடைப்பு.

நூர் நிஷா அழுதாள். அழுதுகொண்டே லிஸ்ட்டுக்குச் செய்தி எழுதினாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம், அனுதாபங்களை இனாயத்துல்லா அவர்களின் சொந்த முகவரிக்கு மட்டும் அனுப்பவும் என்று அந்த முகவரியையும் கொடுத்தாள். அனுப்பிவிட்டு மவுத்து வீட்டுக்குப் போனாள். மழை பிடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் பெண்கள் மாமியைச் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அவள் மடியில் கிடந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. யாருமே முகவரியைப் பார்க்கவில்லை. பழகிய விரல் பழைய பொத்தானைத்தான் அழுத்தியது. பதினொரு மணிக்குள் தொண்ணூறு ஆமீன் அவள் அனுமதிக்காகக் காத்து நின்றன.

பதினொன்றரைக்கு ரத்த வங்கியிலிருந்து அழைப்பு. திங்கட்கிழமை பரீஹாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பையை ஒரு பிரசவ கேஸுக்குக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது, மழைக்காலக் காய்ச்சலில் எங்கேயும் பி நெகட்டிவ் இல்லை, நீங்களே ஆள் பார்த்து நாளைக்குள் அனுப்புங்கள், சோதித்துப் பிரிக்க ஒரு நாள் வேண்டும் என்றார்கள். நூர் நிஷா மாடிப்படியில் நின்று அந்தப் பதினான்கு பேரையும் எண்ணிப் பார்த்தாள், முடிந்தவர்களுக்குப் போன் போட்டாள். ஆறு பேர் மூன்று மாதத்துக்குள் கொடுத்தவர்கள், இப்போது எடுக்க மாட்டார்கள். மூன்று பேர் துபாயில். வேதமுத்துவுக்கு டைபாய்டு வந்து இன்னும் தேறவில்லை. மூன்று பேர் போனை எடுக்கவில்லை. மிச்சம் ஒருவன். அவன் உள்ளே சுவரோரம் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் எந்த வாயால் கேட்பது?

லிஸ்ட்டுக்கு எழுதுவது ஒன்றுதான் வழி. யாராவது புதிதாகச் சேர்ந்திருப்பார்கள், யாருடைய மச்சானுக்காவது அந்தப் பிரிவு இருக்கும். ஆனால் அதே லிஸ்ட்டில்தான் மாமியின் மவுத்துச் செய்தி இருக்கிறது.

செயலாளர் படியேறி வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லாரும் போன் பண்ணிக் கேட்கிறார்கள், லிஸ்ட்டை உண்டாக்கினவர் வீட்டிலேயே மவுத்து, அதற்கு ஓர் ஆமீன்கூடத் தெரியவில்லை என்றால் என்ன மரியாதை, இன்றைக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிடு என்றார். யோசிக்கிறேன் என்றாள். அவள் புருஷன் தௌசீப்பும் அதையேதான் சொன்னான். சாதுவான மனிதன், கைப்பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான், நாலு பேர் பேச்சுக்குப் பயந்தவன். இறந்துபோன மையத்துக்கு வந்த துஆவைத் தடுத்து வைத்துக்கொண்டு தன் பிள்ளைக்கு ரத்தம் கேட்டாள் என்று ஊர் சொல்லுமே என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னைக்கு வுட்டேன்னா இனி எந்த மையத்துக்கும் என்னால நிறுத்த முடியாது. நம்ம புள்ள மெயிலு நூத்தம்பதாவதா போய்க் கெடக்கும். பொறவு நீங்களும் நானும் சேந்து ஆமீன் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கணும்."

தௌசீப் பட்டறைச் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

ஜனாஸா ஊர்வலம் கிளம்பியதும் அவள் பட்டறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை, ஆட்கள் இல்லை. தையல் மெஷின்களுக்கு நடுவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வந்து நின்ற கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இந்தத் தடவை ஒன்றைக்கூடத் திறக்காமல் விடவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்து, ஒவ்வொன்றையும் இனாயத்துல்லாவின் சொந்த முகவரிக்குத் திருப்பி அனுப்பினாள். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. வாசிக்க வாசிக்க மாமி எத்தனை பேர் வீட்டுக்குள் போய் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. நூர் நிஷாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இவ்வளவு பிரியத்தை ஒரு பூட்டைப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் கை வேலையை விடவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பினார்கள் என்று தெரிந்த பிறகுதான் தன் கடிதத்தை அனுப்பினாள். பி நெகட்டிவ், மாட்டுங்கா, சனிக்கிழமைக்குள். பரீஹாவின் பெயர், தன் நம்பர். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் மதியம்வரை நான்கு பதில்தான் வந்தது. இரண்டு பேர் போன மாதம்தான் கொடுத்தோம் என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். வேதமுத்து, காய்ச்சலோடாவது வரட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று உடனே எழுதினாள். நான்காவதில் பெயரில்லை. 'மையத்து மண் காயவில்லை, உனக்கு உன் பிள்ளை' என்று இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். எனக்கு என் பிள்ளைதான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனாள். வேறு வங்கிகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லி அங்கே இருப்பவர்களின் உயிரை எடுக்கலாம் என்று எண்ணம். மூன்று மணிவரை எடுத்தாள். அவர்களும் பாவம், முகம் சுளிக்காமல் போன் மேல் போன் போட்டார்கள். எங்கேயும் இல்லை.

மூன்றேகாலுக்கு, அவள் வீட்டில் கேட்டுக்கொண்டு ஷாகிர் வந்தான். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. நேராக அவள் முன்னால் வந்து நின்றான். சலாம் சொல்லவில்லை.

உம்மாவைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, ஒரு வருடமாகத் தொடாத அந்த ஃபோல்டரை இன்றைக்குத்தான் திறந்தானாம். முதலில் நின்றது நூர் நிஷாவின் கடிதம். அதற்குக் கீழே உம்மாவின் மவுத்துச் செய்தி. நடுவில் ஒன்றுமே இல்லை. வரும் வழியெல்லாம் சண்டை போடத்தான் வந்திருக்கிறான். அது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

"எங்க உம்மாவுக்கு ஒருத்தன்கூட ஒரு வார்த்த எழுதலியா லாத்தா? இல்ல, நீங்க எழுத விடலியா?"

"நான்தான் விடல. நூத்தி நாப்பத்தி மூணு வந்துச்சு. எல்லாத்தயும் வாப்பாவுக்கு அனுப்பிட்டேன்."

"வாப்பா லேப்டாப்ப தொடவே இல்ல."

நிறுத்தியது சரி என்று அவள் வாதாடவும் இல்லை, தப்பு என்று காலில் விழவும் இல்லை. போனை எடுத்துத் திறந்து, அந்த நூற்று நாற்பத்து மூன்றும் வரிசையாக நிற்கிற இடத்தை அவனுக்குக் காட்டினாள். அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டு, ஃபாரம் எங்கே வாங்க வேண்டும் என்று கவுண்டரில் கேட்டான்.

ரத்த வங்கி டாக்டர் அவனை விசாரித்தார். சாப்பிட்டானா, தூங்கினானா. நேற்றுத் தாய் இறந்தார் என்று தெரிந்ததும் தயங்கினார். அவன் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தின்றேன், அசந்து தூங்கியும்விட்டேன், வெட்கமாக இருக்கிறது என்று இந்தியில் சொன்னான். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கட்டிலில் படுக்கவைத்து ஊசியைக் குத்தினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். நூர் நிஷா ஒதுங்கி வெளியே போகப் பார்த்தாள்.

"இருங்க லாத்தா. அதுல பாதிக்கு மேல தமிழ்ல இருக்கு. எனக்குத் தமிழ் படிக்க வராது. படிச்சுக் காட்டுங்க."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். முதல் ஏழு கடிதம் வெறும் ஆமீன். எழுதியவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போனாள். எட்டாவது செம்பூரிலிருந்து ஒரு பெண். 2005 வெள்ளத்தில் நாங்கள் அஞ்சு பேரும் உங்கள் மாடியில் ரெண்டு ராத்திரி கிடந்தோம், என் கைக்குழந்தைக்கு உங்கள் வீட்டில் இருந்த கடைசிப் பாலைக் கொடுத்தது ஹாஜராதான், அந்தக் குழந்தை இப்போது காலேஜ் போகிறான் என்று எழுதியிருந்தாள். ஷாகிர் பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டான். நர்ஸ் கையைத் தட்டி ஞாபகப்படுத்தினார். உல்லாஸ்நகரிலிருந்து வேதமுத்து, எங்கள் முறைப்படி ஜெபம் செய்தேன், போன தடவை நான் உங்களைப் பார்க்க வந்தபோது சாப்பிடாமல் போகவிடாத அம்மா என்று எழுதியிருந்தார். வெங்கடராமன் மாட்டுங்கா கோயிலில் அர்ச்சனை செய்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர், தன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாமி தன் வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டுவிட்டதை நாலு பத்தி எழுதியிருந்தார். ஷாகிருக்கு இதில் முக்கால்வாசி தெரியாது. கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போயிற்று. ஒரு கையில் ஊசியும் பந்தும் இருந்தன, மறு கையைத் தூக்கித் துடைத்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. நூர் நிஷா தன் துப்பட்டா முனையால் துடைத்துவிட்டு மேலே வாசித்தாள்.

பை நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்துக் கட்டினார்கள். பத்து நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். பிஸ்கட்டும் ஜூஸும் வந்தன. எத்தனை ஆகியிருக்கிறது என்று கேட்டான். முப்பத்தொன்று என்றாள்.

"மீதிய வாப்பா படிக்கட்டும். நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

சொல்லிவிட்டுப் பிஸ்கட்டைத் தின்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்க நேத்தே லிஸ்ட்ல விட்டிருந்தீங்கன்னா, எத்தன வந்திருக்குன்னு மட்டும் பாத்துட்டு மூடியிருப்பேன் லாத்தா. ஒண்ணுகூடத் தொறந்திருக்க மாட்டேன். உங்களோடதயும்தான்."

நர்ஸ் பையை எடுத்துப் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி உள்ளே கொண்டுபோவதை அவள் எழுந்து நின்று பார்த்தாள். ஷாகிரை வாசல்வரை கொண்டுவிட்டு ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். பிறகு மழைக்கு ஒதுங்கி நின்று, லிஸ்ட்டுக்கு ஒரு வரி எழுதினாள்: பி நெகட்டிவ், பரீஹா, கிடைத்துவிட்டது.

அது அறுநூறு பேருக்கும் போய்ச் சேர்ந்தது. பஸ் வரும்வரை கால் மணி நேரம் போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.